தெப்பம் கடலுக்குப் போன கதை

எனக்குத் தெரிந்து மலேசியாவின் கெடா மாநிலத்தில் எந்த ரப்பர்த் தோட்டத்திலும் தெப்பக்குளம் இல்லை. கோயில் இருக்கும், மாரியம்மனோ காளியோ முனியாண்டியோ ஒருவர் காவலுக்கு நிற்பார். தீமிதிக்குக் குழி இருக்கும். லயங்களைத் தாண்டிக் கொஞ்ச தூரம் நடந்தால் ஓர் ஆறோ ஓடையோ தென்படும். திருவிழா அங்கேதான் தொடங்கும். ஆற்றங்கரையில் கரகம் சோடித்து, உறுமி அதிர, அருள் வந்தவர் தலையில் ஏறி அம்மன் கோயிலுக்கு வருவாள். விழா முடிந்ததும் கரகம் ஆற்றுக்கே திரும்பும். தண்ணீரிலிருந்து வருகிறாள், தண்ணீருக்கே போகிறாள். தண்ணீரின் மேல் உலா மட்டும் கிடையாது.

கப்பலேறி வந்த நம்மவர்கள் தேரைக் கொண்டுவந்தார்கள், காவடியைக் கொண்டுவந்தார்கள், கூத்தையும் காமன் பண்டிகையையும்கூடக் கொண்டுவந்தார்கள். தெப்பத்தை ஏன் விட்டுவிட்டார்கள்? பணம் இல்லை, துரை இடம் தரவில்லை என்பது பாதி விடை. மீதி விடை மழையில் இருக்கிறது என்பது என் எண்ணம்.

தெப்பக்குளம் வறட்சி பெற்ற பிள்ளை. மூன்று மாத மழையைப் பிடித்துவைத்து மீதி ஒன்பது மாதம் பிழைக்க வேண்டிய ஊர்களில்தான் கோயிலுக்குப் பக்கத்தில் குளம் வெட்டி, நான்கு புறமும் படிக்கட்டு கட்டினார்கள். தென் கெடாவிலோ ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்குமேல் மழை கொட்டுகிறது. ரப்பர் மரத்தின் வேரடியில் தண்ணீர் தேங்கக்கூடாது. அதனால் தோட்டத்தில் மண்வெட்டி பிடித்தவர்கள் வெட்டியதெல்லாம் நீரை வெளியே விரட்டும் வடிகால்கள். பீடோங்கிலும் கூலிமிலும் பாடாங் செராயிலும் தண்ணீரைச் சேர்த்துவைக்க வேண்டிய தேவை யாருக்கும் வரவில்லை. தேவையில்லாத இடத்தில் குளம் இல்லை. குளம் இல்லாத இடத்தில் தெப்பம் இல்லை.

ஆனாலும் தெப்பம் இந்தப் பக்கம் வந்து சேரத்தான் செய்தது. வந்த வழியைச் சொல்வதற்குமுன், அது பிறந்த இடத்துக்குப் போக வேண்டும்.

தெப்பக்குளம் என்றதும் தமிழர் நினைவுக்கு வருவது மதுரை. 1623 முதல் 1659 வரை ஆண்ட திருமலை நாயக்கர், அரண்மனைச் செங்கல்லுக்காக மண் எடுத்த பள்ளத்தையே வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளமாக்கினார், அங்கே தோண்டும்போது கிடைத்தவர்தான் மீனாட்சி கோயில் முக்குறுணி விநாயகர் என்பது மதுரையில் எல்லோரும் சொல்லும் கதை. 1645 வாக்கில் குளம் எழுந்தது. ஒரு பக்கத்தின் நீளம் ஏறத்தாழ ஆயிரம் அடி. நடுவில் மரங்கள் சூழ்ந்த மைய மண்டபம். வைகையிலிருந்து கால்வாய் வழியே தண்ணீர். நாயக்கர் பிறந்த பூச நட்சத்திரத்தில், தைப்பூசத்தன்று, மீனாட்சியும் சுந்தரேசுவரரும் தெப்பமேறி மைய மண்டபத்தைக் காலையில் இருமுறை, மாலையில் ஒருமுறை சுற்றி வருகிறார்கள். துடுப்பு கிடையாது, எந்திரம் கிடையாது. கரையோரம் நடக்கும் மக்கள் வடம் பிடித்து இழுக்கிறார்கள்.

மதுரைக்கு முன்பும் தெப்பம் இருந்திருக்கும். நாயக்கர் செய்தது அதைப் பெரிதாக்கியது. அந்தப் பெரிதாக்கலில் ஒரு மேடைக்கலை பிறந்துவிட்டது என்பதுதான் நான் கவனிக்கும் விஷயம்.

தெருவில் சாமி புறப்பட்டால் அதைப் பார்ப்பது ஒரு போராட்டம். முன்வரிசைக்காரர் பார்ப்பார், பின்னால் நிற்பவருக்குக் குடையும் தீவட்டிப் புகையும் தெரியும். தேர் நம் வீட்டைத் தாண்டிவிட்டால் அடுத்த ஆண்டுதான். குளத்திலோ நான்கு பக்கப் படிகளும் இருக்கைகளாகிவிடுகின்றன. முன்னால் உட்கார்ந்தவரின் தலை பின்னால் இருப்பவரை மறைக்காது. மேடை நடுவில் ஒரே இடத்தில் நிற்காமல் வட்டமிடுவதால் ஒவ்வொரு கரைக்கும் அதன் முறை வருகிறது. இந்தச் சுற்றில் தவறவிட்டால் அடுத்த சுற்று. எல்லோரும் எல்லாவற்றையும் பார்க்கும் அரங்கு ஒன்றை, டிக்கெட் இல்லாமல், சாதிக்கு ஒரு தெரு என்று பிரித்திருந்த காலத்திலேயே கட்டியிருக்கிறார்கள். (படிகளில் யார் எங்கே உட்கார முடிந்தது என்பது வேறு கதை. அது இவ்வளவு அழகாக இருந்திருக்காது.)

வெளிச்சத்தைப் பொறுத்தவரை தண்ணீர் ஒரு தந்திரசாலி. தெப்பத்திலும் கரையிலும் மைய மண்டபத்திலும் அகல் ஏற்றினால் கீழே இன்னொரு வரிசை இலவசமாகக் கிடைக்கிறது. நீர் அசையாமல் இருந்தால் விளக்கு விளக்காகவே தெரியும். கொஞ்சம் சிற்றலை எழுந்தால் ஒவ்வொரு சுடரும் நீண்டு, பார்ப்பவரின் காலடிவரை ஒரு பொன் தூணாக நீளும். படியில் உட்கார்ந்திருக்கும் ஒவ்வொருவருக்கும் அந்தத் தூண் தன்னை நோக்கி மட்டுமே வருவதுபோல் தோன்றும். ஒளியியல் விதிதான், ஆனால் பக்தருக்கு அதை அப்படிச் சொல்லத் தேவையில்லை. தெப்பத்தின் அடியில் கட்டிய பீப்பாய்களும் மரச்சட்டங்களும் இருளில் மறைந்துவிட, சாமி தண்ணீரில் கால் வைத்து நடப்பதாகவே கண்ணுக்குப் படும்.

இசையின் கதை இன்னும் சுவையானது. நாதஸ்வரம் திறந்த வெளிக்கென்றே பிறந்த வாத்தியம். சீவாளியில் எழும் ஓசை, விரிந்துகொண்டே போகும் குழலைத் தாண்டி அணசு வழியாகப் பாயும்போது தெருக்கோடிவரை கேட்கும். சாமி புறப்பாட்டுக்கு மல்லாரி வாசிப்பார்கள்; கம்பீரநாட்டையில், சொற்களே இல்லாத உருப்படி. அதன் கட்டு முழுவதும் தரையில் ஊன்றும் பாதத்துக்கு, பல்லக்குத் தூக்கிகளின் தோளுக்கு, ஏற்றது. தெப்பத்தில் நடை இல்லை. அங்கே ஏறியதும் வாத்தியக்காரர்கள் வேறு பையைத் திறக்கிறார்கள். நாதஸ்வர மரபில் தெப்பத்துக்கென்றே ஓடம் என்று ஒரு வகை உண்டு. படகு தள்ளும் பாட்டின் ஆட்டத்தை எடுத்துக்கொண்டு மெல்ல அசையும் இசை. தியாகராஜர் கிருஷ்ணனையும் கோபியரையும் யமுனையில் ஒரே படகில் ஏற்றி எழுதிய நௌகா சரித்திரத்துப் பாடல்களையும் தெப்பத்தில் வாசிப்பதுண்டு.

ஓசை தண்ணீர்மேல் எப்படிப் போகிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும். வெயில் தாழ்ந்த மாலையில் நீரைத் தொட்டுக்கொண்டிருக்கும் காற்று குளிர்ந்தும், அதற்கு மேலிருக்கும் காற்று வெதுவெதுப்பாகவும் இருக்கும். மேலே ஏறிப்போக வேண்டிய ஒலி அந்த வெப்பத்தில் வளைந்து கீழே திரும்புகிறது. நீர்ப்பரப்போ ஒலியை மண்ணைப்போல் குடிப்பதில்லை. விளைவு, எதிர்க்கரையில் இருப்பவருக்குத் தவிலின் விரல் சொற்கள்கூடத் தனித்தனியாகக் கேட்கும். வாசிப்பவரும் தெப்பத்தோடு சேர்ந்து திரும்புவதால் அணசு ஒவ்வொரு கரையையும் முறைவைத்துப் பார்க்கிறது. ஓசை நெருங்கி, விலகி, மறுபடி நெருங்கும். இன்றைய ஒலிப்பதிவாளர்கள் பெட்டிகளைச் சுற்றி அடுக்கிச் செய்ய முயல்வதை ஒரு வடமும் சில நூறு கைகளும் செய்திருக்கின்றன.

திருவாரூரில் இது உச்சத்துக்குப் போனது. கோயில் ஐந்து வேலி, குளம் ஐந்து வேலி என்று ஊரார் பெருமை பேசும் கமலாலயத்தில், தெப்பம் ஒரு கச்சேரி மேடையாகவே ஆகிவிடுகிறது. மூன்று இரவுகள், கல்யாணசுந்தரரும் அம்பாளும் ஒரு பக்கம், வித்துவான்கள் மறுபக்கம். ஆழித்தேரும் சங்கீத மும்மூர்த்திகளின் பிறப்பும் திருவாரூருக்கு வாங்கித் தந்த பெயரில் இந்த மிதக்கும் கச்சேரி கொஞ்சம் மறைந்துபோய்விட்டது. எனக்கு ஆழித்தேரைவிட இதுதான் பெரிய கண்டுபிடிப்பாகத் தெரிகிறது.

நீர்மேடை தமிழருக்கு மட்டும் தோன்றிய யோசனை இல்லை. 1717 ஜூலை 17 அன்று லண்டன் தேம்ஸ் நதியில் முதலாம் ஜார்ஜ் மன்னர் ஒரு படகில் போக, ஏறத்தாழ ஐம்பது இசைக்கலைஞர்கள் இன்னொரு படகில் ஹேண்டல் எழுதிய இசையை வாசித்துக்கொண்டே உடன் போனார்கள். மன்னருக்குப் பிடித்துப்போய் மூன்று முறை வாசிக்கச் சொன்னாராம். 1946இல் ஆஸ்திரியாவின் பிரகன்ஸ் ஊரில் நாடக அரங்கு இல்லாததால், கான்ஸ்டன்ஸ் ஏரியில் சரளைக்கல் ஏற்றும் இரண்டு படகுகளை நிறுத்தி, ஒன்றில் காட்சி, மற்றதில் வாத்தியக் குழு என்று மோட்சார்ட்டின் சிறு இசைநாடகத்தை நடத்தினார்கள். அது இன்று உலகப் புகழ்பெற்ற ஏரி மேடையாக வளர்ந்துவிட்டது. நமக்குப் பக்கத்து வீடான வியட்நாமில், செந்நதிச் சமவெளி உழவர்கள் நீருக்கடியில் கோல்களை மறைத்துப் பொம்மையாட்டம் நடத்துகிறார்கள். 1121ஆம் ஆண்டுக் கல்வெட்டே அதைப் பேசுகிறது. வியட்நாம் உதாரணம் என் வறட்சிக் கணக்கைக் கொஞ்சம் இடிக்கிறது என்பதை மறைக்கவில்லை. வயலெல்லாம் தண்ணீர் நிற்கும் நாட்டிலும் நீர்மேடை பிறக்கும். ஆனால் அது நெல் உழவரின் தண்ணீர், அசையாமல் நிற்பது. கெடாவின் நெல்வயல் வடக்கே மலாய்க்காரர் கையில் இருந்தது; நம்மவர் இருந்தது தெற்கே, சரிவான ரப்பர்க் காட்டில்.

இனி நாகப்பட்டினம். கெடாவுக்கும் நாகைக்கும் உள்ள உறவு தோட்டக் காலத்தில் தொடங்கியதல்ல. ராசராசன் காலத்தில், அன்று கடாரம் எனப்பட்ட கெடாவின் அரசன் பெயரால் நாகையில் சூடாமணி விகாரம் எழும்பியதையும், அதற்கு ஆனைமங்கலம் என்ற ஊர் விடப்பட்டதையும் லைடன் செப்பேடுகள் சொல்கின்றன. ஒரு தலைமுறைக்குள் 1025இல் ராசேந்திரனின் கப்பல்கள் அதே கடாரத்தின்மேல் படையாகப் போயின. தொள்ளாயிரம் ஆண்டுகள் கழித்து நாகையில் ஏறிப் பினாங்கில் இறங்கியவர்கள் படையும் அல்ல, வணிகரும் அல்ல. கங்காணியின் பின்னால் வந்த கூலிகள். 1926இல் ஓடத் தொடங்கிய ரஜுலா கப்பலின் பெயர் எங்கள் பெரியவர்கள் வாயில் இன்றைக்கும் ஓர் உறவுக்காரியின் பெயர்போல் வரும்.

அந்த நாகைக் கடற்கரையிலும், காரைக்கால், புதுச்சேரிக் கரைகளிலும் வேறொரு பழக்கம் இருந்தது: மாசி மகத் தீர்த்தவாரி. மாசிப் பௌர்ணமியை ஒட்டிச் சுற்றுவட்டாரச் சாமிகளெல்லாம் கடற்கரைக்கு வரும், நீராடும், மணலில் கொஞ்சம் இளைப்பாறும், திரும்பிப் போகும். கடலில் பயணம் கிடையாது. கரைவரைதான். ஆக, நம்மவர் தலைமூட்டையில் இரண்டு தனித்தனி நினைவுகள் இருந்தன. குளத்தில் மிதக்கும் தெப்பம் ஒன்று, கடலாடும் மாசி மகம் இன்னொன்று.

இரண்டும் ஒன்றாகிப் புது உருவம் எடுத்த இடம் பினாங்குத் தீவின் வடமேற்கு மூலையில் இருக்கும் தெலுக் பஹாங். மீனவர்கள் வாழும் சிற்றூர். அங்குள்ள ஸ்ரீ சிங்கமுகக் காளியம்மன் கோயிலில் மாசி மகத்தன்று அம்மன் விளக்கலங்காரம் செய்த மிதக்கும் ரதத்தில் ஏறிக் கடலுக்குள் போகிறாள். குளம் இல்லாத நாட்டில் தெப்பத்துக்குக் கடலே குளமாகியிருக்கிறது. தீர்த்தவாரிக்கு வந்த சாமி கரையில் நிற்காமல் உள்ளே போயிருக்கிறது.

பினாங்கு என்றதும் கெடாக்காரர்கள் முகம் சுளிக்க வேண்டாம். 1786இல் பிரான்சிஸ் லைட் வந்து கொடி நடும்வரை அந்தத் தீவு கெடா சுல்தானுடையது. 1800இல் எதிர்க்கரையும் கைமாறியபின் ஆண்டுக்கு 10,000 வெள்ளி என்று நிலைத்த கொடுப்பனவு சுதந்திரத்துக்குப் பிறகும் தொடர்ந்து வந்தது. வானம் தெளிந்திருந்தால் தீவின் வடகரையிலிருந்து 1,217 மீட்டர் உயர ஜெராய் மலை தெரியும். பூஜாங் பள்ளத்தாக்குக்கு வந்த பழைய கப்பல்களுக்கு அதுதான் அடையாளம். 1985இல் பாலம் திறந்தபின் சுங்கை பட்டாணியிலிருந்தும் லூனாஸிலிருந்தும் பேருந்து பிடித்து மாசி மகத்துக்குப் போய்வருவது ஒரு மாலை வேலையாகிவிட்டது.

இங்கேதான் என் வாதத்தின் முக்கியமான இடம் வருகிறது. கடலுக்கு நான்கு கரை கிடையாது. ஒரே ஒரு கரை. சாமி உள்ளே போகப் போகச் சிறிதாகிக்கொண்டே போவாள். குளத்தில் எல்லாக் கண்ணும் நடுவைப் பார்க்கும். கடலில் எல்லாக் கண்ணும் ஒரே திசையில், விலகிப்போகும் ஒரு வெளிச்சத்தைப் பார்க்கும். மதுரையின் மேடைக்கணக்கு முழுவதும் இங்கே பயனற்றுப் போகிறது. வேறு யாராவது ஒரு நிகழ்ச்சி அமைப்பாளராக இருந்திருந்தால் பெரிய விளக்குக் கோபுரம் வைத்திருப்பார். தெலுக் பஹாங்கில் கூட்டமே விடையைக் கண்டுபிடித்தது. பூவும் பழமும் வெற்றிலையும் வைத்துக் கற்பூரமோ மெழுகுவர்த்தியோ ஏற்றிய கையளவுத் தெப்பங்களை ஆளுக்கொன்றாகக் கடலில் விடுகிறார்கள். பிள்ளை வரத்துக்கு, கல்யாணத்துக்கு, பரீட்சைக்கு என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வேண்டுதல். ஆயிரக்கணக்கில் விடும்போது கரைக்கும் அம்மனுக்கும் இடையிலிருக்கும் இருட்டு நிரம்பிவிடுகிறது. மதுரையில் கரை பார்த்தது, தெப்பம் காட்டியது. இங்கே கரையும் சேர்ந்து காட்சியாகிவிட்டது.

இசைக்கும் இதே கதி நேர்ந்தது. அலைச் சத்தமும் படகு எந்திரமும் காற்றும் சேர்ந்த கடலில் ஓடத்தின் நுட்பம் எடுபடாது. நாதஸ்வரம் தன் பெருமையைக் கரைமணலில் காட்டிக்கொள்ள வேண்டியதுதான். கடலோடு மோதி வெல்லக்கூடியது தோல் வாத்தியம். ஒருபுறம் வளைந்த குச்சியால் தேய்த்து முனகவும், மறுபுறம் அடித்து அதிரவும் வைக்கும் உறுமி, தோட்டத்து ஆற்றங்கரையில் பழகிய வாத்தியம். கடற்கரை அதற்கு இன்னொரு ஆற்றங்கரைதான். கூடவே ஒலிபெருக்கியில் எல்.ஆர். ஈஸ்வரி. அவர் குரலில் அம்மன் பாட்டுக் கேட்காமல் மலேசியாவில் எந்தத் தோட்டத்துத் திருவிழாவும் நடந்ததில்லை என்று சொன்னால் மறுப்பவர் இருக்க மாட்டார்.

ஒரு பக்கக் கதையும் உண்டு. சீனப் புத்தாண்டின் பதினைந்தாம் இரவான சாப் கோ மேயில் மணமாகாத பெண்கள் நல்ல கணவனை வேண்டிப் பினாங்குக் கடலில் ஆரஞ்சுப் பழம் எறிவார்கள். பாபா நோன்யாக்கள் அலங்கரித்த வண்டிகளில் டொண்டாங் சாயாங் பாடிக்கொண்டு ஊர் சுற்றிய இரவும் அதுவே. இரண்டு விழாக்களும் நிலவைப் பின்பற்றுவதால் சில ஆண்டுகளில் அதுவும் மாசி மகமும் ஒரே நாளில் விழும். 2024 பிப்ரவரி 24 அப்படி ஒரு நாள். ஒரே தீவு, ஒரே பௌர்ணமி, ஒரே வேண்டுதல். ஒரு கரையில் பழம் எறிகிறார்கள், இன்னொரு கரையில் பழத்தைத் தட்டில் வைத்து விளக்கோடு அனுப்புகிறார்கள்.

கெடாத் தோட்டங்கள் இந்தத் தெப்பத்தைப் பார்த்துத் தங்கள் ஊரில் என்ன செய்தன? தண்ணீருக்குப் போகவில்லை. ரதத்தை மாற்றின. லாரியின் மேலோ டிராக்டரின் பின்னாலோ ஜெனரேட்டர் கட்டி, கேஸ் விளக்கு போய்க் குழல்விளக்கு வந்து, பிறகு வண்ணம் மாறும் எல்இடி பட்டிகள் வந்தன. தோட்டங்கள் துண்டாடப்பட்டு ஆட்கள் சுங்கை பட்டாணி, கூலிம் தாமான்களுக்குக் குடிபோனபோது ரதமும் தார்ச்சாலைக்கு வந்தது. மழை பெய்து சாலை நனைந்திருக்கும் இரவில் அந்த வண்ணமெல்லாம் கீழே இன்னொருமுறை தெரியும். கெடாவில் ஒரு ரதம் தெப்பமாகத் தெரிவது அப்போது மட்டும்.

பள்ளி விடுமுறைக்குச் சிங்கப்பூர் போகும் குடும்பங்கள் செந்தோசாத் தீவில் நீர்த்திரைக் காட்சியைப் பார்த்துவிட்டு வருகிறார்கள். 2007 முதல் 2014 வரை ஒன்று, அதன்பின் வேறொன்று. சம்மட்டி அடிபோல் நீரைப் பீய்ச்சி விசிறியாக விரித்து, அந்தத் துளித்திரையில் படத்தையும் லேசர் கோடுகளையும் விழவைக்கிறார்கள். ஓசை பதிவு செய்தது, நொடி பிசகாது. நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அங்கே தண்ணீர் வெறும் திரை. வேறு எதைக்கொண்டு திரை செய்தாலும் அந்தக் கதை நடக்கும். சீனாவின் யாங்ஷுவோவில் 2004இல் ஜாங் யிமோ தொடங்கிய லி நதிக் காட்சி இதைவிடக் கெட்டி. அங்கே உள்ளூர் மீனவர்களே தங்கள் மூங்கில் தெப்பங்களில் நின்று, மலைகளைப் பின்னணியாக வைத்து ஆடுகிறார்கள். தண்ணீரை எடுத்துவிட்டால் அந்தக் காட்சி இல்லை. தெலுக் பஹாங்கையும் நான் அந்த வரிசையில் வைப்பேன்.

கெடாவுக்கென்று ஒரு தெப்பம் வேண்டும் என்று யாராவது கேட்டால் நான் கடலைக் காட்ட மாட்டேன். தஞ்சோங் டாவாயில் கடலைச் சேரும் மெர்போக் ஆற்றின் கழிமுகத்தைக் காட்டுவேன். சதுப்புக் காடு காற்றைத் தடுக்கும். இருபுறமும் கரை இருப்பதால் பாதிக் குளம் கிடைத்த மாதிரி; ஓடமும் அங்கே எதிர்க்கரைவரை கேட்கும். பௌர்ணமியன்று ஏற்றமும் வற்றமும் பெரிதாக இருக்கும், அதனால் நேரத்தைப் பஞ்சாங்கத்தோடு கடல்நீர் அட்டவணையையும் பார்த்துத்தான் குறிக்க வேண்டும். மீன் கூண்டுகளுக்கு எட்டத்தில் போக வேண்டும், சதுப்பு மரத்தின் வேரில் சிக்காதபடி மக்கும் பொருளில்தான் சிறு தெப்பம் செய்ய வேண்டும். பீப்பாய், மரம், கயிறு, படகு எல்லாம் பக்கத்திலேயே கிடைக்கும். சிரமம் நாதஸ்வரத்தில்தான். இங்குள்ள கோயில்கள் பலவும் வித்துவான்களைத் தமிழ்நாட்டிலிருந்துதான் வரவழைக்கின்றன. தெப்பத்தைக் கட்டி முடிப்பதற்குள் அவர்களுக்கு பெர்மிட் வந்துவிட வேண்டும்.